ஒரு பூட்டனார், இரண்டு புகையிரதங்கள்: ஒரு குடும்பத் தேடலின் நிகழ்வு ஆய்வு

பூட்டனார், அதாவது அம்மம்மாவின் தகப்பனார், ரயில்வேயில் இருந்தவர் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒருமித்துச் சொல்வது. அதற்கு மேல் அவரைப் பற்றி மூன்று கதைகள் உண்டு. காங்கேசன்துறைக்கு முதல் ரயில் வந்த நாளில் அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் அவர்தான் என்பது முதற்கதை. தலைமன்னாரில் கப்பலால் இறங்கிய ஒரு வெள்ளைக்காரத் துரையை, டிக்கெட் இல்லை என்று வண்டியில் ஏறவிடாமல் நிறுத்தி வைத்தார் என்பது இரண்டாவது. தகரக் கட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சரக்கு வண்டியில் ஏற்றுவிப்பது அவருடைய வேலை என்பது மூன்றாவது. மூன்றையும் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த பெரியம்மாவுக்கோ அம்மாவுக்கோ அவற்றில் முரண்பாடு எதுவும் தெரிந்ததில்லை. மூன்றும் ஒரே மனிதருடைய வாழ்க்கையாகவே இருந்தன.

அந்த மனிதரைக் கொழும்பிலிருந்துகொண்டு ஆவணங்கள் வழியாகத் தேடியதையும், தேடலின் முடிவில் ஒருவர் இருவராகப் பிரிந்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே தேடலில் இறங்கும் பிற குடும்பங்களுக்கு வழிமுறை பயன்பட வேண்டும் என்பதால், எந்த ஆவணத்திலிருந்து எந்த முடிவுக்கு வந்தேன் என்பதைத் தெளிவாகச் சொல்ல முயல்கிறேன். உறவினர்களின் பெயர்களையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

கையில் இருந்தவை

எங்கள் குடும்பத்தின் காகிதங்களில் பெரும்பகுதி 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை வீட்டோடு எரிந்துவிட்டது. மிஞ்சியது, அதற்கு முன்பே அம்மம்மா ஊரில் விட்டிருந்த ஒரு தகரப் பெட்டி மட்டுமே. அதுவும் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குச் சைக்கிளில் போய்த் திரும்பிவந்த பெட்டி. அதற்குள் இருந்தவை: கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு புகைப்படம், அம்மம்மாவின் சீதன உறுதி (காணி எழுதிக் கொடுத்த பத்திரம்), பூட்டி (பூட்டனாரின் மனைவி) கணக்கு எழுதிய ஒரு கொப்பி, விதவை ஓய்வூதியம் தொடர்பான ஒரு தாள்.

அந்தக் கடைசித் தாளிலிருந்து தொடங்கினேன். 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உருவான விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதிக்கு, ஓய்வூதிய உரித்துள்ள நிரந்தர அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பணம் கழிக்கப்பட்டது. எங்கள் தாளில் நிதி இலக்கமும், பூட்டனாரின் பெயரும், இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் பெயரும் இருந்தன. ஆகவே அவர் நாட்கூலியாகவோ ஒப்பந்தகாரரின் ஆளாகவோ இருக்கவில்லை, நிரந்தரப் பதவி ஒன்றில் இருந்திருக்கிறார் என்பது முதலாவது உறுதியான செய்தி. கோழி மேய்த்தாலும் கொறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்த ஒரு சமூகத்தில் இந்தத் தாள் எவ்வளவு பெறுமதியுடையதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பூட்டி அதைச் சீதன உறுதியோடு சேர்த்து வைத்திருந்தார்.

சேவைக் கோப்பு இல்லாமல் தேடுவது

புகையிரத ஊழியரைத் தேடுவது பற்றி எழுதப்படும் வழிகாட்டிகளிற் பெரும்பாலானவை பிரித்தானியாவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே தனியார் கம்பனிகள் புகையிரதங்களை நடத்தின. அவற்றின் பணியாளர் பதிவேடுகள் பல இன்று லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. எங்கள் நிலைமை வேறு. 1845இல் தொடங்கிய இலங்கைப் புகையிரதக் கம்பனி ஒரு மைல் பாதையும் ஓட்டாமல் முடிந்துபோக, வேலையை அரசாங்கமே ஏற்றது. 1865இல் அம்பேபுஸ்ஸ வரை போக்குவரத்துத் தொடங்கிய நாளிலிருந்தே இது அரசாங்கத் திணைக்களம். எனவே இங்கே பணியாற்றியவரைப் பற்றிய அச்சிட்ட தகவல்கள் அரசாங்க வெளியீடுகளில்தான் இருக்கும்: ஆண்டுதோறும் வந்த நீலப் புத்தகம், பொது முகாமையாளரின் நிர்வாக அறிக்கைகள், சிவில் லிஸ்ட், வாரந்தோறும் வந்த வர்த்தமானி. இவற்றைக் கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பார்க்கலாம்.

நீலப் புத்தகத்தில் பதவி, பெயர், நியமனத் திகதி, சம்பளம் என்று நிரல் நிரலாக இருக்கும் என்பதால், புதிதாகத் தேடுபவர்கள் அதையே முதலில் எடுக்கிறார்கள். நானும் அங்கே தேடினேன். எங்கள் பூட்டனாரின் பெயர் இல்லை. பெயர் குறிப்பிடப்படுவது பதவியின் உயரத்தைப் பொறுத்தது. கீழ்ப்படியில் இருந்த பெருந்தொகையானோர் எண்ணிக்கையாக மட்டுமே வருவார்கள். தனிநபர் சேவைக் கோப்பும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த இடத்தில்தான் பலர் தேடலைக் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் கைவிட வேண்டியதில்லை. புகையிரத உத்தியோகத்தர் என்பவர் இடமாற்றங்களால் ஆனவர். ஒவ்வொரு இடமாற்றமும் குடும்பத்தைப் புதிய ஊருக்குக் கொண்டுபோய், அங்கே புகையிரதத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் அலுவலகத்தில் ஒரு தாளை விட்டுவிட்டுப் போகிறது. திணைக்களத்தின் ஏடுகள் மௌனமாக இருந்தாலும் அந்தத் தாள்கள் பேசும்.

அவற்றுள் முதன்மையானவை பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகள். பழைய பதிவுகளில் தகப்பனாரின் பதவி அல்லது தொழில் என்று ஒரு நிரல் உண்டு. பிறப்பு நிகழ்ந்த இடத்துப் பதிவாளரே பதிவு செய்வதால், ஒரே ஏட்டிலிருந்து இடம், காலம், பதவி மூன்றும் கிடைத்துவிடுகின்றன. நான்கு பிள்ளைகள் என்றால் நான்கு நிலையங்கள் என்று எதிர்பார்க்கலாம்.

இந்த எதிர்பார்ப்பை யாழ்ப்பாண வழக்கம் ஓரளவு குலைக்கும். தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். ஆகவே தகப்பன் எங்கே வேலை செய்தாலும் மூத்த பிள்ளையின் பதிவு ஊரில்தான் இருக்கும். இதைப் பெரியம்மாவிடம் உறுதிப்படுத்திக்கொண்டேன். பூட்டனாரைப் பற்றி, "அப்பு என்ன வேலை பார்த்தவர்" என்று கேட்டால் அவர் எப்போதும் ஸ்டேஷன் மாஸ்டர் என்றே சொல்லி முடித்துவிடுவார். "எந்தெந்த ஊரில் குவாட்டர்ஸ் இருந்தது" என்று கேட்டபோது பதில் வேறுவிதமாக வந்தது.

"முதல் மாகோ. பிறகு அனுராதபுரம். அதுக்குப் பிறகுதான் தலைமன்னார், அங்கை ஒரே மண்காத்து எண்டு ஆச்சி சொல்லுவா. கடைசி மாமா அங்கைதான் பிறந்தவர். உன்ரை அம்மம்மாவுக்கு மட்டும் ஆச்சி ஊருக்கு வந்து நிண்டவ."

தொழிலைக் கேட்பதிலும் பார்க்க வசித்த வீட்டைக் கேட்பது நல்லது என்பதை வயதானவர்களிடம் விசாரிக்கும் எவருக்கும் உறுதியாகச் சொல்வேன். பதவியின் பெயர் குடும்பத்தின் வாயில் ஆண்டுக்காண்டு உயர்ந்துகொண்டு போகும். குவாட்டர்ஸ் இருந்த ஊர் மாறாது.

பெரியம்மா சொன்ன வரிசையை வைத்துப் பதிவுகளைத் தேடுவித்தேன். திகதியும் பதிவு இலக்கமும் தெரியாதவிடத்து ஒரு காலப்பகுதியைக் குறிப்பிட்டு, தனிக் கட்டணம் செலுத்தித் தேடுவிக்கலாம். அம்மம்மாவின் பதிவு 1916இல் ஊரில்; தகப்பனார் புகையிரத லிகிதர். இரண்டாவது பிள்ளையின் பதிவு மாகோவில், சிங்களத்தில்; பதிவாளர் காதால் கேட்டபடி பெயரை எழுதியிருந்ததால் முதற்பார்வையில் அது எங்கள் பூட்டனாரின் பெயராகவே தெரியவில்லை. தாயின் பெயரும் பிறந்த ஊரும் பொருந்தியதாலேயே அதை ஏற்றேன். மூன்றாவது அனுராதபுரத்தில். கடைசி மாமாவின் பதிவு 1925இல் தலைமன்னாரில். தகப்பனார் உதவி நிலைய அதிபர்.

பூட்டியின் கொப்பி இந்த வரிசையில் ஒரு இடைவெளியை அடைத்தது. வீட்டுச் செலவுகளை அவர் தமிழ் மாதமும் ஆண்டின் பெயரும் போட்டு எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தின் தலைப்பில் உருத்திரோற்காரி, பங்குனி. அதன் கீழ் பென்சிலில்: "தலைமன்னார் போக சாமான் கட்டின கயிறு. விறகு மிச்சம் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தது. மேசைக்கால் உடைஞ்சு போச்சு." அறுபது ஆண்டு வட்டத்தில் அந்தப் பெயருக்குரிய ஆண்டு 1923 சித்திரையில் தொடங்கி 1924 பங்குனியில் முடிகிறது. ஆகவே அனுராதபுரத்திலிருந்து தலைமன்னாருக்கான இடமாற்றம் 1924 மார்ச் அல்லது ஏப்ரல். இதற்கு முந்திய உருத்திரோற்காரியில் இலங்கையில் ஒரு ரயிலும் ஓடவில்லை. பிந்தியதில் பூட்டி உயிரோடு இல்லை. வட்ட ஆண்டுப் பெயரால் பொதுவாக வரும் குழப்பத்துக்கு இங்கே இடமே இருக்கவில்லை. எந்த அரசாங்க ஏட்டிலும் நான் காணாத ஓர் இடமாற்றத்தின் காலத்தை, மாத அளவுக்குத் துல்லியமாக, ஒரு சமையலறைக் கணக்குக் கொப்பி கொடுத்திருக்கிறது.

கதைகளைப் பாதையின் காலத்தோடு ஒப்பிடல்

இலங்கையின் பாதைகள் ஒரே நாளில் திறக்கப்பட்டவை அல்ல. கண்டிக்கு 1867, நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, காலிக்கு 1894, பதுளைக்கு 1924 என்று அறுபது ஆண்டுகளாக நீண்டது அந்த வேலை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் 1920களின் பிற்பகுதியில்தான் ரயில் போனது. இந்த ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டால் குடும்பக் கதைகளைச் சல்லடையில் இட்டு அரிப்பதுபோலப் பிரிக்கலாம். பாதை இல்லாத ஊரில் நிலைய அதிபர் இருந்திருக்க முடியாது.

காங்கேசன்துறைக் கதையை எடுத்துக்கொள்வோம். வடபகுதிப் பாதையின் குடாநாட்டுத் துண்டு, கொழும்போடு தொடுக்கப்படுவதற்கு முன்பே தனியாகக் கட்டப்பட்டு, 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து நேரே ரயில் வந்தது 1905 ஓகஸ்டில். பூட்டனாரின் விவாகப் பதிவில் உள்ள வயதின்படி அவர் பிறந்தது 1888 அளவில். அப்படியானால் 1902இல் அவருக்குப் பதினான்கு வயது, 1905இல் பதினேழு. நிலைய அதிபராக இருந்திருக்க வழியே இல்லை.

விவாகப் பதிவு எப்படிக் கிடைத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் வழமைப்படி நடந்த திருமணங்கள் பல பதியப்படாமலே இருந்தன. ஆனால் விதவைகள் அநாதைகள் நிதிக்குப் பணம் கட்டியவர் தன் திருமணத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் அறிவிக்க வேண்டியிருந்தது. பதிவு செய்துகொள்வதற்கு அரசாங்க உத்தியோகத்தருக்கு நடைமுறைக் காரணம் ஒன்று இருந்தது என்பதால், அவர்களுடைய திருமணப் பதிவைத் தேடுவது வீண்முயற்சி ஆகாது.

தலைமன்னார்க் கதை இதற்கு மாறானது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்ட பின், சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடிக்கும், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் இறங்குதுறைக்கும், பின் மீண்டும் ரயிலில் கொழும்புக் கோட்டைக்கும் என்று பயணம் அமைந்தது. அதற்கு முன் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேரே கப்பலில் வந்தார்கள். 1924 முதல் எங்கள் பூட்டனார் தலைமன்னாரில் இருந்தது ஆவணப்படி உறுதி. துரையின் கதை நடந்திருக்கக்கூடிய இடத்தில், நடந்திருக்கக்கூடிய காலத்தில் அவர் இருந்திருக்கிறார். அதற்கு மேல் எந்த ஆவணமும் அதை நிரூபிக்காது. நிரூபிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இதையொத்த கதை ரயில்வேக் குடும்பங்கள் பலவற்றில் சொல்லப்படுகிறது. எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளுவது நியாயமல்ல; டிக்கெட்டைக் கேட்கும் அதிகாரம் தன் கையில் இருந்ததை அந்தத் தலைமுறை எவ்வளவு பெரிதாக மதித்தது என்பதற்காவது அது சாட்சி.

சிக்கல் மூன்றாவது கதையில் இருந்தது. தேயிலை, றப்பர், கொப்பறா, காரீயம் என்று எத்தனையோ சரக்குகள் இலங்கையின் ரயில்களில் கொழும்புத் துறைமுகத்துக்குப் போயிருக்கின்றன. ஆனால் தகரக் கட்டி ஏற்றுவதற்கு இங்கே தகரச் சுரங்கம் இல்லை. இந்தத் தீவின் எந்த நிலையத்திலும் ஒருவர் தகரக் கட்டிகளை எண்ணி ஏற்றுவதைத் தன் அன்றாட வேலையாகக் கொண்டிருக்க முடியாது. தகரத்துக்காகவே பாதை போடப்பட்ட நாடு ஒன்று உண்டு. அங்கே யாழ்ப்பாணத்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அது மலாயா.

படச் சட்டத்துக்குள் மறைந்திருந்த ஊர்

பேராக்கில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரையான பாதை 1885இல் திறக்கப்பட்டது. தகரத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதே அதன் நோக்கம். அடுத்த ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே பாதை வந்தது. இலங்கையில் பொதுவேலைத் திணைக்களத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் 1891இல் சிலாங்கூர் சென்று, பின்னர் 1901இல் உருவான மலாய்க் கூட்டு மாநிலப் புகையிரதத்தின் பொது முகாமையாளரானார். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர்களின் திறமையை அவர் முன்பே அறிந்திருந்தார். அவர்கள் லிகிதர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அங்கே நிறைந்தார்கள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் ரயில்வேக் குடியிருப்பும் அதை ஒட்டிய கந்தசுவாமி கோயிலும் அந்தத் தலைமுறையின் அடையாளங்கள்.

எங்கள் பூட்டனாரின் பிள்ளைகள் மாகோவிலிருந்து தலைமன்னார் வரை இலங்கையில்தான் பிறந்திருக்கிறார்கள். ஓய்வூதியமும் இலங்கை அரசாங்கத்தினுடையது. மலாயாவுக்குப் போய்வரும் இடைவெளி அவருடைய வாழ்க்கையில் இல்லை. அப்படியானால் தகரக் கதை யாருடையது?

விடையின் முதல் துணுக்கு சுவரில் தொங்கியது. பூட்டனாரின் படம் என்று நாங்கள் எல்லோரும் வணங்கிவந்த அந்தப் புகைப்படத்தில், கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைக் கோட்டுடன், தொப்பியை முழங்காலில் வைத்தபடி, நரை கலந்த மீசையோடு ஒருவர் கதிரையில் அமர்ந்திருக்கிறார். படத்தைப் பூச்சி அரிக்கத் தொடங்கியிருந்ததால் பிரதி எடுப்பதற்காகச் சட்டத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. படம் ஒட்டப்பட்டிருந்த தடித்த அட்டையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு விரல் அகலம் சட்டத்துக்குள் மறைந்திருந்தது. அங்கே, மையின்றி அழுத்திப் பதித்த எழுத்துகளில், படப்பிடிப்பாளரின் முத்திரை இருந்தது. சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கடையின் பெயர் தேய்ந்திருந்தாலும் ஊரின் பெயர் தெளிவாகத் தெரிந்தது: தைப்பிங்.

பழைய படங்கள் வைத்திருக்கும் எவரும் சட்டத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அக்காலத்து அட்டையில் படப்பிடிப்பாளரின் ஊர் இருப்பது வழக்கம். சட்டம் போடுபவர் அந்த விளிம்பை மறைப்பதும் வழக்கம்.

முத்திரையைப் பெரியம்மாவிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்புவுக்கு ஒரு தமையன் மலாயாவிலை இருந்தவராம். பென்சனோடை வந்து கனகாலம் இருக்கேல்லை. பிள்ளையள் இல்லை" என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. நான் ஒருபோதும் பூட்டனாரின் சகோதரர்களைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கவில்லை. கேளாத ஒன்றை அவர் சொல்லக் காரணமும் இல்லை.

உறுதி காட்டிய வழக்கு இலக்கம்

நினைவை ஆவணமாக்குவதற்குச் சீதன உறுதி உதவியது. நொத்தாரிசு எழுதும் உறுதிகளில் காணியின் எல்லைகளுக்கு முன்போ பின்போ, கொடுப்பவருக்கு அந்தக் காணி எப்படி உரித்தாயிற்று என்பது சொல்லப்பட்டிருக்கும். பெரும்பாலானோர் பரப்பளவையும் எல்லைகளையும் வாசித்துவிட்டு இந்த வாக்கியத்தைத் தாண்டிவிடுகிறார்கள். வம்சம் தேடுபவருக்கு உறுதியின் உயிர் இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. எங்கள் உறுதியில், அம்மம்மாவுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்ட காணிகளில் ஒன்று, கொடுப்பவரின் காலஞ்சென்ற தமையனின் பங்காக, யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தின் டெஸ்டமெண்டரி வழக்கு (இறந்தவரின் சொத்து பற்றிய வழக்கு) ஒன்றின் மூலம் உரித்தானது என்று எழுதப்பட்டு, வழக்கின் இலக்கமும் கொடுக்கப்பட்டிருந்தது.

இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அனுமதி கேட்டு நீதிமன்றம் போனால், அந்த அறிவித்தல் வர்த்தமானியில் வெளியிடப்படும். சட்டத்துக்குரிய பாகத்தில், கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று நீதிமன்றங்களின் வரிசையில் இவை வரும். ஆண்டு ஏறத்தாழத் தெரிந்துவிட்டால், ஒவ்வொரு வார இதழிலும் யாழ்ப்பாணத்துக்குரிய சில பந்திகளை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். எனக்கு உறுதியின் திகதி மேல் எல்லையாக இருந்தது. தமையனின் மரணப் பதிவை ஊரில் தேடுவித்ததில் 1931 என்று வந்தது. தொழில் என்ற இடத்தில் மலாய்க் கூட்டு மாநிலப் புகையிரத ஓய்வூதியர் என்று இருந்தது. அதன் பின் வர்த்தமானியில் தேட வேண்டிய பகுதி மிகவும் சுருங்கிவிட்டது.

அறிவித்தல் சிறியது, ஆனால் அந்த ஒரு பந்திக்குள் முழுக் குடும்பமும் இருந்தது. இறந்தவரின் பெயர், ஊர், முன்னர் தைப்பிங்கில் வசித்தவர் என்ற குறிப்பு. மனுதாரராக அவருடைய விதவை. எதிர்மனுதாரர்களாக அவருடைய சகோதரர்களும் ஒரு சகோதரியும். அவர்களுள் எங்கள் பூட்டனாரின் பெயருக்கு அருகில், தற்போது மதவாச்சியில் வசிப்பவர் என்று இருந்தது. மதவாச்சி, வடபகுதிப் பாதையிலிருந்து தலைமன்னார்ப் பாதை பிரியும் சந்தி. பெரியம்மாவின் பட்டியலில் இல்லாத ஒரு நிலையம்கூட இதனால் கிடைத்தது. பிள்ளையில்லாமல் இறந்தவரின் முதுசத்தில் (பரம்பரைச் சொத்தில்) சகோதரர்களுக்குப் பங்கு உண்டு என்ற யாழ்ப்பாணத்து உரிமை விதியால்தான் அவர்கள் வழக்கில் பெயர் குறிக்கப்பட்டார்கள். பிள்ளைகள் இருந்திருந்தால் எங்கள் பூட்டனாரின் பெயர் அந்தப் பந்தியில் வந்தே இராது, இரு சகோதரர்களையும் ஒரே இடத்தில் கட்டும் ஆவணமும் எனக்குக் கிடைத்திராது.

இருவரும் ஏன் ஒருவரானார்கள் என்பதும் அந்தப் பந்தியிலேயே தெரிகிறது. தகப்பன் ஒருவரே என்பதால் இருவருக்கும் தலைப்பெழுத்து ஒன்று. சொந்தப் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கின. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாகச் சுருக்கிக் கையொப்பமிடும் வழக்கத்தில், கடிதங்களிலும் ரசீதுகளிலும் இருவரும் ஒரே ஆளாகவே தோன்றியிருப்பார்கள். இருவரும் ரயில்வே. பிள்ளையில்லாத தமையனின் படம் தம்பியின் வீட்டுக்கு வந்தது; காணி தம்பியின் மகளுக்குச் சீதனமாகப் போனது; கதைகளும் அதே வழியால் வந்து சேர்ந்தன.

மலாயாப் பக்கத்தைக் கொழும்பில் இருந்தபடியே ஓரளவு பார்க்கலாம். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய மலாயாப் பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. தலைப்பெழுத்தையும் பெயரையும் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களில் இட்டுத் தேட வேண்டும். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு முறை இருந்தது. யாழ்ப்பாணப் பக்கத்துக்கு, 1889இல் தொடங்கிய இந்து சாதனமும் அதன் ஆங்கிலத் துணையும், 1841 முதல் வந்த உதயதாரகையும் ஊர்ச் செய்திகளில் உத்தியோகத்தர்களின் பயணங்களையும் மரணங்களையும் குறித்தன. நூலகம் நிறுவனம் மின்வடிவில் சேர்த்துள்ள இதழ்களையும், வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தையும் இதற்காகப் பார்த்துவருகிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட பின், இந்த இதழ்களின் எஞ்சிய பிரதிகளைச் சேர்த்துப் பேணுபவர்களுக்கு எங்களைப் போன்ற குடும்பங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது.

படத்தில் இருப்பவர் யார்

தைப்பிங் முத்திரை இருப்பதால் படத்தில் இருப்பவர் தமையன்தான் என்று முடிவுகட்டிவிடலாம் என்று தோன்றும். தம்பி ஒருமுறை தமையனைப் பார்க்கப் போனபோது எடுத்த படமாக இருக்கக்கூடாதா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். இதற்கு ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் அனுப்பிய இன்னொரு படம் உதவியது. அது பூட்டனார் ஓய்வுபெற்றபோது நிலைய ஊழியர்கள் சூழ எடுத்த கூட்டுப்படம். கீழே பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. நடுவில் மாலையோடு அமர்ந்திருப்பவரின் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது. சட்டத்துப் படத்தில் இருப்பவரின் மடல் தனித்துத் தொங்குகிறது. முகம் வயதோடு மாறும், மீசை வரும் போகும், காது மடலின் அமைப்பு அப்படி மாறுவதில்லை. இரு படங்களிலும் இருப்பவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சட்டத்துப் படத்தில் இருப்பவர் தமையன் என்பது, முத்திரையையும் படம் வந்த வழியையும் சேர்த்துப் பார்க்கையில் மிகவும் சாத்தியமானது. பெயர் எழுதிய இன்னொரு படம் கிடைக்கும்வரை அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

அம்மாவுக்கு இது எளிதாக இருக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் ஆண்டுத்திவசத்துக்கு மாலை போட்ட படம் அது. பெரியம்மாதான் விஷயத்தைத் தீர்த்துவைத்தார். பிள்ளையில்லாத மனிதருக்கு இவ்வளவு காலமும் மாலை விழுந்திருக்கிறது, அது தொடரட்டும், கூட்டுப்படத்திலிருந்து அப்புவை மட்டும் பெருப்பித்துப் பக்கத்தில் மாட்டுங்கள் என்றார். அப்படியே செய்திருக்கிறோம்.

குடும்ப மரத்தில் இப்போது பதிந்திருப்பது இவ்வளவு. தம்பி: இலங்கைப் புகையிரதத்தில் லிகிதராகவும் பின்னர் உதவி நிலைய அதிபராகவும் மாகோ, அனுராதபுரம், தலைமன்னார், 1930களின் தொடக்கத்தில் மதவாச்சி. முழு நிலைய அதிபராக உயர்ந்தாரா என்பதற்கு இன்னும் சான்று தேவை. கூட்டுப்படத்தின் கீழ் உள்ள அச்செழுத்தில் பதவிப் பகுதி கிழிந்திருக்கிறது. தமையன்: மலாய்க் கூட்டு மாநிலப் புகையிரதம், தைப்பிங், மரணம் 1931, ஊரில். தகரக் கதையை அவருடைய பெயருக்கு மாற்றியிருக்கிறேன். காங்கேசன்துறைக் கதை தம்பிக்குப் பொருந்தவில்லை. தமையனின் மரணப் பதிவிலுள்ள வயதின்படி 1902இல் அவருக்கு இருபத்திரண்டு அல்லது இருபத்து மூன்று. நிலையப் பொறுப்பு வகிக்கக்கூடிய வயதுதான் என்றாலும், அவர் மலாயாவுக்குப் போன ஆண்டு தெரியாமல் அதை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பேராக் மாநிலக் கோப்புகளில் அவருடைய நியமனம் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று விசாரித்து எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் அந்த ஆண்டையும், அதனோடு காங்கேசன்துறைக் கதையின் முடிவையும் மரத்தில் சேர்ப்பேன்.